கன்னியக்கோவிலுக்குப் போகும் பையன்களை ஊர் நிறுத்த முடியுமா?

30.06.2024, மாலை 6.15 (கேள்வி)

கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயச் சாவுச் செய்தி வந்ததிலிருந்து மனம் சரியில்லை. கடலூரில் இருக்கிறேன். மகன் பத்தாம் வகுப்பு. போன வாரம் அவனோடு படிக்கும் ஒருவன் பீர் குடித்துவிட்டு டியூஷனுக்கு வந்திருக்கிறான். பள்ளியில் நடந்த போதை ஒழிப்புப் பேரணியில் பதாகை பிடித்துப் போனவர்களில் அவனும் ஒருவன்! என் கருத்து இதுதான்: மதுக்கடையை மூடாமல் எதுவும் நடக்காது. ஊர்க்குழு, விழிப்புணர்வு எல்லாம் போட்டோவுக்கு. மறுப்பவர்கள் அனுபவத்தோடு மறுக்கவும்.

30.06.2024, இரவு 10.40

அனுபவம் இருக்கிறது தம்பி, எழுதுகிறேன்.

கடலூர்–புதுச்சேரி தடத்தில் 22 ஆண்டு நடத்துனராக இருந்தவன் நான். எங்கள் ஊர் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடிக்கு இந்தப் பக்கம். முள்ளோடையோடு தமிழ்நாடு முடிந்தது, அடுத்து புதுச்சேரியைச் சேர்ந்த கன்னியக்கோவில், மதுக்கடைகள் உள்ள ஊர். சனிக்கிழமை சாயங்காலம் சில்லறையைச் சரியாக எண்ணி வைத்துக்கொண்டு "கன்னியக்கோவில் நாலு" என்று நீட்டுவார்கள். அரை டிக்கெட் வயதிலிருந்து நான் பார்த்த பையன்கள், முழு டிக்கெட் ஆன கையோடு குவார்ட்டருக்குப் போனார்கள்.

நம் பக்கம் குடிக்க 21 வயது ஆக வேண்டும், அந்தப் பக்கம் 18. நம் பக்கம் கள்ளும் சாராயமும் 1987இலிருந்து கிடையாது, அங்கே இரண்டுக்கும் கடை உண்டு, ஏலம் விட்டு நடத்துகிறார்கள். நம் ஊர்க் கடையை மூடினால் பைக்கில் கூடுதலாகப் பத்து நிமிடம், அவ்வளவுதான். மூட வேண்டாம் என்று சொல்லவில்லை. மூடட்டும், நானே முன்னால் நின்று பூட்டுகிறேன்.

ஆனால் பதினைந்து வயதுப் பையன் கடைக்குள்ளே போவதே இல்லை. நான்கு பேர் தள்ளிப் புளியமரத்தடியில் நிற்பார்கள், மீசை வைத்த அண்ணன் ஒருவன் மட்டும் உள்ளே போய் வாங்கி வருவான். கடைக்காரரைக் கேட்டால், வாங்கியவனுக்கு வயது சரியாக இருக்கிறது என்பார். அந்த மீசைக்காரனை யார் பார்ப்பது?

01.07.2024, காலை 7.05

நேற்று கள்ளக்குறிச்சியைத் தொடாமல் விட்டுவிட்டேன். அது வேறு கணக்கு. கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம். போன ஆண்டு மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் இதேதான். மெத்தனால் உடம்புக்குள் போய் மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாறும், கண் நரம்பைப் பிடிக்கும். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. போதை இறங்கிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் பார்வை மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். அப்போது மோர் கொடுத்துப் படுக்க வைத்தவர்கள் வீட்டில்தான் பிணம் விழுந்தது. உடனே 108ஐக் கூப்பிட வேண்டும்.

அங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகிற பெரியவர்கள். அது போலீஸ் பிடிக்க வேண்டிய காரியம். உங்கள் மகனின் நண்பன் குடித்த பீர், ஊர் பிடிக்க வேண்டியது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

07.07.2024, ஞாயிறு

"உங்கள் ஊரில் அப்படி என்னதான் கிழித்தீர்கள்" என்று தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

2021 கடைசியில் ஆறு பேர் சேர்ந்தோம். நான், மகளிர் குழு அக்கா இருவர், டீக்கடைக்காரர், பிளஸ் டூவுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிற ஒரு பெண், குடியை விட்டு 14 ஆண்டு ஆன ஒரு பெரியவர். பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் தலைவர் வேண்டும், தலைவர் வந்தால் பேனர் வேண்டும்.

முதலில் செய்தது எண்ணுவது. ஊருக்குக் கிழக்கே சவுக்குத்தோப்பு இருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சாக்கோடு போவோம். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஊறுகாய்ப் பாக்கெட், மிக்சர் கவர், பாட்டில். எல்லாவற்றையும் பொறுக்கி, வகை பிரித்து, டீக்கடைச் சுவரில் கரியால் எழுதி வைப்போம். யார் பெயரும் கிடையாது, எண்ணிக்கை மட்டும். பெரியவர்கள் உட்கார்ந்த இடமும் பையன்கள் உட்கார்ந்த இடமும் பார்த்தவுடன் தெரியும். பெரியவர் இடத்தில் பாட்டிலுக்கு ஒரு டம்ளர், இரண்டு டம்ளர். பையன்கள் இடத்தில் ஒரே பாட்டிலுக்கு ஆறு டம்ளர், எட்டு தண்ணீர் பாக்கெட், கூடவே வாந்தி.

ஒரு நாள் சுண்டல் மடித்த காகிதம் ஒன்று கிடந்தது. விரித்தால் கணக்கு நோட்டுத் தாள். வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்து, பென்சில் கூராக, அழகாக இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் டீச்சர் போட்ட சரி. நம் குழுவில் இருக்கிற அந்தப் பெண் தாளை வாங்கிப் பார்த்தாள், மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவள் போட்ட சரிதான் அது.

08.07.2024

சுவரில் எழுதியதற்கு என்ன பலன் என்று கேட்பீர்கள். முதல் மாதம் எண்ணிக்கை குறைந்தது. பார்த்தால் பையன்கள் காலையில் எங்களுக்கு முன்பே வந்து பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தோப்பாவது சுத்தமானது.

21.07.2024

அண்ணன்மார் விஷயத்துக்கு வருகிறேன். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77. 21 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுத்தாலும், கொடுக்க வைத்தாலும், ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். விற்கிற கடைக்காரருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், வாங்கிக் கொடுக்கிற அண்ணனுக்கும் இது பொருந்தும். நாங்கள் யார் மீதும் வழக்குப் போடவில்லை. கோயில் திடலில் கபடி முடிந்த பிறகு அந்தப் பிரிவை மெதுவாக ஒரு முறை படித்தோம். கை தட்டல் இல்லை. மூன்று நான்கு பேர் எழுந்து போனார்கள், யார் யார் என்று குறித்துக்கொண்டோம்.

அதைவிட வேலை செய்தது பைக் சட்டம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று சேர்த்தார்கள். 18 வயது ஆகாத பையன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றவர் அல்லது வண்டிக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, ஓராண்டுக்கு வண்டிப் பதிவு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. பையன் குடிக்கிறான் என்று சொன்னபோது "வயசுல எல்லாம் அப்படித்தான்" என்று சிரித்த அப்பாக்கள், வண்டிப் பதிவு போகும் என்றதும் அன்று இரவே சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். பிள்ளையைவிட ஸ்பிளெண்டர் மேல் பாசம்.

சனிக்கிழமை கன்னியக்கோவில் போக வேண்டுமென்றால் மறுபடியும் பஸ்தான். பஸ்சில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள்.

22.07.2024

திருத்தம். 21 என்று எழுதியது தவறு. அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிறையாதவர். 21 என்பது நம் மாநில மது விதி. இரண்டையும் குழப்பிவிட்டேன். சுட்டிக்காட்டிய வழக்கறிஞருக்கு நன்றி, திடலில் சரியாகத்தான் படித்தோம்.

மீசைக்காரன் ஒருவனிடம் நேராகவே பேசினேன். அவன் ஒரு பதில் சொன்னான். அதை இப்போது எழுத மனமில்லை.

28.07.2024

"மதுவெல்லாம் பழைய கதை ஐயா, இப்போது கூல், மாத்திரை, கஞ்சா" என்கிறார் ஒருவர். பையன்கள் கூல் என்று சொல்வது உதட்டுக்குள் அடக்கி வைக்கிற புகையிலைப் பொட்டலம். புகை வராது, வகுப்பில் உட்கார்ந்தே வைத்துக்கொள்ளலாம். பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். 101ஆவது கெஜத்தில் கடை போடுவார்கள். எங்கள் ஊரில் பெட்டிக்கடை அக்கா தானாகவே நிறுத்தினார். சட்டம் எதுவும் சொல்லவில்லை நாங்கள். அவர் பேரன் வாயில் புண் வந்தது, அவ்வளவுதான்.

மாத்திரை பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு, தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும்: பஞ்சர் ஒட்டும் பசை, தின்னர் மோந்து பார்ப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2019இல் வந்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த போதை அது ஒன்றுதான். சைக்கிள் கடையில் வேலைக்கு விட்ட பையன்களைக் கவனியுங்கள்.

16.08.2024

நேற்று கிராம சபையில் தீர்மானம் போட்டோம். திருவிழா, கல்யாணம், சாவு எதிலும் 18 வயதுக்குக் கீழே இருப்பவனுக்கு யாரும் ஊற்றக் கூடாது. கையெழுத்து நிறைய. கையெழுத்துப் போட்ட இரண்டு பேரிடம் அந்த நேரத்திலேயே வாடை வந்தது. சட்டப்படி நேற்று கடை மூடல், எப்படி வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள்.

இதற்கு முன் நாங்கள் செய்த ஒரு தவறையும் எழுதிவிடுகிறேன், யாராவது அதையே செய்யக் கூடாது. 2022 ஆடி மாதம், தோப்பில் பிடிபட்ட மூன்று பையன்களின் பெயரைக் கோயில் ஸ்பீக்கரில் சொன்னோம். அப்பா பெயரோடு. யோசனை என்னுடையதுதான். பஸ்சில் டிக்கெட் எடுக்காதவனை எல்லோர் முன்பும் சத்தம் போட்டால் அடுத்த நாள் எடுப்பான், அந்தப் புத்தி. ஒருவன் அடங்கினான். ஒருவன் பகல் வெளிச்சத்திலேயே குடிக்க ஆரம்பித்தான், இனி மறைக்க என்ன இருக்கிறது என்று. மூன்றாமவன் அன்று இரவே வீட்டை விட்டுப் போய்விட்டான். பதினொன்றாம் வகுப்பு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாக எட்டாவது நாள் தகவல் வந்தது. அந்த எட்டு நாளும் பெண்ணையாற்றங்கரையில் அவன் சித்தப்பாவோடு நானும் நடந்தேன். எதைத் தேடுகிறோம் என்று இரண்டு பேரும் வாய் திறந்து சொல்லவில்லை.

அவன் படிப்பு அதோடு சரி. அவன் அம்மா இன்று வரை என்னோடு பேசுவதில்லை. தண்ணீர்க் குழாயில் நான் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

17.08.2024

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆறுதல் கேட்டு எழுதவில்லை.

08.09.2024

சிங்கப்பூரிலிருந்து ஒரு நண்பர் ஐஸ்லாந்து பற்றி நீளமாக அனுப்பியிருந்தார். இரண்டு நாள் படித்தேன். 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். தம்பி, ஒன்றைக் கவனியுங்கள், அங்கேயும் மது விற்பது அரசுக் கடைதான்! கடையை மூடவில்லை. 20 வயது ஆகாமல் கொடுக்க மாட்டார்கள், அதில் கறார். மற்றபடி செய்தது எல்லாம் சாயங்காலத்துக்கு. விளையாட்டு, பாட்டு வகுப்புக்கு என்று பிள்ளைக்கு இவ்வளவு என நகராட்சி பணம் தருகிறது. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்துக்கு மேல் தனியாக வெளியே சுற்றக் கூடாது. பெற்றோர்கள் முறை வைத்துத் தெருவில் நடக்கிறார்கள். பிள்ளைகளிடம் கணக்கெடுப்பு நடத்தி, அந்தந்தப் பகுதிக்கு அதன் கணக்கைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். டீக்கடைச் சுவர்!

அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகை நான்கு லட்சத்தைத் தொடாது, பணக்கார நாடு. அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனாலும் படித்துவிட்டு நாங்கள் செய்தது ஒன்று: வாலிபால் திடலுக்கு இரண்டு விளக்கு. அதுவரை ஆறரைக்கு இருட்டினால் ஆட்டம் முடியும், பையன்கள் தோப்புப் பக்கம் நடப்பார்கள். இப்போது எட்டரை வரை ஆட்டம். எட்டரைக்குப் பசி வந்துவிடும், வீட்டுக்குப் போவார்கள். கரண்ட் பில்லுக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய், மாதம் ஒரு முறை என்னை நடத்துனராக்கிவிட்டார்கள்.

20.10.2024

நேற்று தெருவில் ஒரு சாவு. மூப்பு, கல்யாணச் சாவுதான். பறை, பட்டாசு, பூ. காலை ஏழு மணிக்கே மது பாட்டில் பெட்டி வந்து இறங்கியது. பாடை கட்டுகிற பையன்கள், பூ வாரி இறைக்கிற பையன்கள், எல்லோரும் பதினாறு பதினேழு. "ராத்திரி பூரா முழிச்சிருக்கானுங்க, ஆளுக்குக் கொஞ்சம் ஊத்து" என்றார் செத்தவரின் மருமகன். கிராம சபையில் கையெழுத்துப் போட்டவர்தான். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உழைத்தவனுக்கு ஊற்றுவது மரியாதை என்று நினைக்கிறார்.

ஜூலையில் மீசைக்காரன் சொன்ன பதிலை எழுதாமல் விட்டேன் இல்லையா. அவனிடம் கேட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன். "சின்னப் பசங்களுக்கு ஏன்டா வாங்கித் தர்ற" என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "எனக்கு மொதல்ல ஊத்தினது நீங்கதானே மாமா" என்றான்.

எனக்கு நினைவே இல்லை. அவன்தான் சொன்னான். 2015 வைகாசி, என் மூத்த மகள் கல்யாணம். பந்தல் கட்ட வந்த பையன்களில் அவன் ஒருவன், வயது 15. இரவு பாத்திரம் எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, மண்டபத்துக்குப் பின்னால் கூப்பிட்டு, என் டம்ளரிலேயே மீதி இருந்ததைக் கொடுத்து, "ஆம்பளையாயிட்டடா" என்று முதுகில் தட்டினேனாம். அதே ஆண்டு ஐப்பசியில் நான் குடியை விட்டேன். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அவன் விடவில்லை. இப்போது 24 வயது, சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை, சம்பளத்தில் பாதி அந்தப் பக்கம் போகிறது.

15 வயதுக்கு முன்னால் தொடங்குகிறவன் அடிமையாகிற வாய்ப்பு, 21க்கு மேல் தொடங்குகிறவனைவிடப் பல மடங்கு என்று கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். பேசும்போது அந்த மண்டபம் ஒரு முறைகூட நினைவுக்கு வரவில்லை.

21.10.2024

அவனை நிறுத்த வைக்க வீட்டில் என்ன செய்யலாம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தினமும் குடிக்கிறவனைத் திடீரென்று அறையில் பூட்டி நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத ஆட்கள் தெரிவது எல்லாம் வரும், உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்து இறக்க வேண்டும். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற மருந்து என்று விளம்பரம் வரும், அதன் பக்கமே போகாதீர்கள். டைசல்பிராம் என்கிற மாத்திரை உள்ளே இருக்கும்போது ஒருவன் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அது நோயாளி தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் சொல்லிச் சாப்பிட வேண்டியது. ஆலோசனைக்கு 14446, மனநலத்துக்கு 14416. இரண்டும் இலவசம்.

08.12.2024

ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அது முடிந்தது என்று மூச்சு விட்டபோது சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையில் வந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு. வாலிபால் திடல் முழங்கால் சேறு, விளக்குக் கம்பம் ஒன்று சாய்ந்துவிட்டது.

பையன்கள் நாலு நாள் வேலை செய்தார்கள். கிழவிகளைத் தூக்கினார்கள், வீடு வீடாகச் சேறு தள்ளினார்கள். மூன்றாம் நாள் மாலை ஒரு பெரியவர் இரண்டாயிரம் ரூபாயை மீசைக்காரன் கையில் கொடுத்து, "பசங்களுக்கு உடம்பு வலிக்கும், ஏதாவது வாங்கிட்டு வா" என்றார். நான் எதிரே நிற்கிறேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசும் யோக்கியதை இல்லை என்று தோன்றியது. மகளிர் குழு அக்கா மட்டும் "சுக்கு காபி வைக்கிறேன்டா, அதுக்கும் வலி போகும்" என்று கத்தினார்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தான். சாக்கில் பன்னீர் சோடா, ஒரு அட்டைப் பெட்டி நிறைய பரோட்டா. தனக்கும் பெரியவருக்கும் மட்டும் தனியாகச் சட்டைக்குள். அவன் குடித்தான், அதை மறைத்து எழுத மாட்டேன். பையன்கள் சோடா குடித்தார்கள். சுக்கு காபி எனக்கும் அக்காவுக்கும் மட்டும் மிஞ்சியது.

19.01.2025

நேற்று ஆற்றுத்திருவிழா. வெள்ளம் வாரிக்கொண்டு போனது போக மிச்சமிருந்த மணலில் எல்லாச் சாமிகளும் வந்து இறங்கின. கூட்டத்துக்குக் குறைவில்லை. நான் சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தேன், மீசைக்காரன் பக்கத்தில் வந்து நின்றான். கை லேசாக நடுங்கியது, காலையிலிருந்து குடிக்கவில்லை என்றான். கிழங்குக்கு விலை பேசி முடிக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஜிப்மர்ல ஓபி எத்தனை மணிக்கு மாமா?" என்றான்.

இன்று முழுக்க நிறுத்தாதே, ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி நிறுத்து என்று சொல்லியிருக்கிறேன். நான் அப்படிச் சொல்வது கேட்டு அவன் அம்மா என்னை முறைத்தார்.

நாளை காலை புதுச்சேரிக்கு முதல் பஸ். டிக்கெட் அவன் எடுப்பானாம். வழியில் கன்னியக்கோவில் நிறுத்தம் வரும், அதனால் ஜன்னல் சீட்டு அவனுக்கு, நடைபாதைப் பக்கம் எனக்கு.